ஊதாக் கோஸ் காகிதம்

ஜூலை 7, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. கோஸ் வாங்க வேண்டும், ஊதா நிறத்தில். இந்தத் தெலுங்கு ஊரில், பட்டான்செரு சந்தையில் கிடைக்காது, பெரிய கடைக்குத்தான் போக வேண்டும். சமைக்க அல்ல, இவருடைய சோதனைக்கு.

ரசாயனக் கம்பெனியில் ரியாக்டர் வெடித்து, இவரோடு வேலை பார்த்தவர் இறந்ததிலிருந்து இவர் வேலைக்குப் போகவில்லை. மூக்கில் வாசனை போய்விட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. டாக்டர் மாத்திரையோடு சொன்னது: "எதையாவது தெரிஞ்சுக்கணும்னு ஆசை வந்தா விடாதீங்க. அதுவும் மருந்துதான்."

ஆசை மகள் நித்யாவின் எட்டாம் வகுப்பு பிராஜெக்ட்டில் வந்தது. கோஸ் சாற்றில் காகிதத்தை ஊறவைத்துக் காயப்போட வேண்டும். புளிப்பு பட்டால் ரோஜா நிறம், சோப்பு பட்டால் பச்சை. பிராஜெக்ட் முடிந்தும் இவர் விடவில்லை. துணிக்கொடி முழுக்கக் காகிதம், எனக்குத் துண்டு காயப்போட இடமில்லை. நேற்று மோரைத் தொட்டு ஒரு மயில் வரைந்தார். அப்பாவும் பெண்ணும் சிரிக்கும் சத்தம். சமையலறையில் நின்று அழுதுவிட்டேன்.

ஜூலை 9, புதன்

கேஸ் புக் செய்தாயிற்று. மேகம் மட்டும் அப்படியே.

தினமும் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் காகிதம் நனைக்கிறார். தினமும் அதே நீலம். இன்று பாட்டிலைப் பிடித்து மேஜையில் வைத்தவர், நனைக்காமலே போய்ப் படுத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அரை எலுமிச்சம்பழம். துணியில் வடிகட்டி அந்தப் பாட்டிலில் விட்டேன். இவருக்குத்தான் வாசனை தெரியாதே. நிறம் மாறினால் எழுந்திருப்பார். நாளைக்குச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

ஜூலை 10, வியாழன்

சொல்ல விடவில்லை. நான் எழுவதற்குள் காகிதம் ரோஜா நிறமாகி, இவர் அதைப் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுக்கக் கதவு தட்டியிருக்கிறார். "தண்ணில ஆசிட் கலந்திருக்கு, குடிக்காதீங்க." அபார்ட்மென்ட் செக்ரட்டரி ராவ் ஆள் வைத்துக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார். ஒன்றும் இல்லை.

லிஃப்டில் யாரோ இந்தியில்: "உஸ்கா திமாக் ஹில் கயா." இவருக்குப் புத்தி பிசகிவிட்டதாம். ராவ் என்னிடம் தணிந்த குரலில்: "சார்கி ரெஸ்ட் காவாலி மேடம்." ஓய்வு வேண்டுமாம். எலுமிச்சம்பழத்தை மறைத்துவிட்டேன். கோழை.

ஜூலை 13, ஞாயிறு

ராத்திரி முழுக்க மழை. நித்யாவின் ஷூ காயவில்லை. மாவு புளித்துவிட்டது. பின்னால் கால்வாயில் நுரை, மழை ராத்திரியில்தான் கம்பெனிகள் கழிவைத் திறந்துவிடும்.

இவர் அன்றிலிருந்து படுக்கைதான். நேற்று காகிதங்களைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார், மயிலையும். "எனக்குத் தலை கெட்டுப்போச்சு மீனா. விட்டுடு."

காலையில் நித்யா அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, "அம்மா, வாட்டர் ஏதோ ஸ்மெல் ஒஸ்துந்தி." தண்ணீரில் ஏதோ வாசனை வருகிறதாம். போய் மோந்தேன். நெயில் பாலிஷ் மாதிரி. குப்பையிலிருந்து இன்னும் நனைக்காத காகிதம் ஒன்றை எடுத்துக் குழாயில் நீட்டினேன். ரோஜா. குளியலறைக் குழாயில் இன்னொன்று. அதுவும் ரோஜா. குழாய்களை இறுக மூடினேன்.

ராவ் வீட்டுக்கு ஓடினேன். காகிதத்தைப் பார்த்ததும், "நீங்களுமா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். திங்கட்கிழமை யாரையாவது கூப்பிடுகிறாராம். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, எல்லார் வீட்டுக்கும் சேர்த்து.

இவரிடம் வந்து காகிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். "அன்னைக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. அதை நம்பாதே."

வேறு வழி தெரியவில்லை.

"அன்னைக்குப் பாட்டில்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சது நான்."

அடிப்பார் என்றுகூட நினைத்தேன், ஒரு நாளும் கை ஓங்காத மனிதர். பிறகு எழுந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்ப இதுல என்ன கலந்திருக்கு?"