ருசினாவின் இடது கண்

ஜனவரி 11, ஞாயிறு

வெளியே மைனஸ் இருபத்தாறு. ஹீட்டர் ஓயாமல் ஓடி வீட்டுக் காற்றையே உலர்த்திவிட்டது. என் உதடெல்லாம் வெடிப்பு. "இனிமே நீயே வெச்சுக்க" என்று தம்பி ஆர்னோ விட்டுப்போன இரண்டு போவா பாம்புகளும் வந்து எட்டு நாள். பெரியது புல்லா, சுருண்டால் புல்லா என்கிற எங்கள் ஊர் ஏலக்காய் பன் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். சின்னது ருசினா, பன்னில் வைக்கும் உலர்திராட்சை. இரண்டுக்கும் தோல் முழுசாக உரியாமல் கந்தலாக ஒட்டிக்கிடக்கிறது. குடிக்காத நாளில்தான் அவன் தண்ணீர் தெளித்திருப்பான்.

மாலையில் ஆர்னோ குடி மீட்பு இல்லத்திலிருந்து போனில் கூப்பிட்டான். "அதுங்க கண்ணு தெளிஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்டான். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பொய். ருசினாவின் இடது கண் மங்கிக்கிடக்கிறது.

ஜனவரி 14

புல்லாவின் வாலில் தொங்கிய தோலைக் காலுறை கழற்றுவதுபோல இழுத்துவிட்டேன். செதில் பெயர்ந்து ரத்தம். அது கடிக்கவில்லை. உடம்பை மட்டும் இறுக்கிக்கொண்டது.

ஏன் எனக்கு எப்போதும் இந்த அவசரம்? ஆர்னோவின் பாட்டில்களைக் கழுவுதொட்டியில் கவிழ்த்த அன்றும் இதே கைதான்.

ஜனவரி 15

ருசினாவின் இடது கண்மேல் பழைய தோல் மூடியிருக்கிறதாம். இடுக்கியால் தொடவே கூடாது என்றார் மருத்துவர். அடுத்த முறை தோல் உரியும்போது தானாகக் கழன்றால் சரி. இல்லையென்றால் அடியில் சீழ் பிடித்துக் கண் போகலாம். ஆறேழு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை ஈரம் கொடு என்றார்.

ஈரம். இந்த ஊரில், ஜனவரியில்.

ஜனவரி 23, வெள்ளி

எங்கள் கட்டிடத்துக்குப் பொதுவான நீராவிக் குளியலறை, சவுனாவில், இன்றைக்குக் கடைசி முறை என்னுடையது. குளித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். குளியலறை வெதுவெதுப்புக்கு இறங்கியதும், மூடியில் ஓட்டை போட்ட தொட்டியில் ஈரப்பாசி பரப்பி இரண்டையும் வைத்தேன். அப்போதா ஹில்க்கா மறந்துபோன மூக்குக்கண்ணாடியைத் தேடி வர வேண்டும்? கீழ்வீட்டுக்காரி, அறுபது வயது. நிர்வாகக் குழுவுக்குப் புகார் எழுதுவதில் கைதேர்ந்தவள்.

எட்டிப் பார்த்தாள். "முப்பது வருஷம் எங்க வீட்டுக்காரரோட அந்தப் பலகையில உக்காந்தவ நான். இதுங்களாவது வாய் பேசாது" என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்தும் விட்டாள். ஆர்னோவைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன். ஏனோ.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆர்னோவிடம் உண்மையைச் சொன்னேன்.

"என்னாலதான்" என்றான்.

"ஆமாண்டா. ஆனா கண்ணு இன்னும் போகல."

பிப்ரவரி 13

சவுனாவில் நான்காவது வெள்ளி. ஹில்க்கா தானாகவே வந்துவிடுகிறாள்.

பிப்ரவரி 24

ருசினாவின் கண்கள் பால்நீலமாக மங்கிவிட்டன. உரியப்போகிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

வலது கண் தெளிந்துவிட்டது. இடது? ஆர்னோ கேட்டபோது தெரியவில்லை என்றேன். அவனிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை.

மார்ச் 5

காலையில் பாசிமேல் ஒரே தோல், மூக்கிலிருந்து வால்நுனிவரை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு சின்ன வட்டங்கள், இடது மட்டும் சற்றுத் தடிமன், பழைய தோலும் சேர்ந்தே கழன்றிருக்கிறது. ருசினா இரண்டு கண்ணாலும் என்னைப் பார்க்கிறது.

தலைப்பகுதியை நறுக்கி உறையில் வைத்து ஆர்னோவுக்கு அனுப்பினேன்.

மார்ச் 8, ஞாயிறு

வந்துசேர்ந்ததாம். ஜன்னலில் ஒட்டியிருக்கிறானாம். அறைத்தோழன் அந்தப் பக்கமே வருவதில்லையாம். "வெளிய வந்தப்புறம் அதுங்கள நான் கூட்டிட்டுப் போகலாமா?" என்றான்.

"முதல்ல ஒரு ஈரமானி வாங்கு" என்றேன்.