திருநீறு தின்ற சிலிண்டர்

அத்தை, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். இனி உங்களால் யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று தெரியும். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவிடம் மட்டும் வேண்டவே வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, அறையைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து வாடை போகவில்லை. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து கருகிய வாடை. தோப்பு வேலை முடிந்து வந்து, சேலைக்கு மேல் மாட்டிய முழுக்கைச் சட்டையை நீங்கள் கொடியில் போடும்போது வீடு முழுக்க வருமே, அதே வாடை. நீங்கள் தோளில் மாட்டிக் களை வெட்டும் மிஷினின் சிலிண்டர் இப்போது என் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு. அப்பாவின் பையிலிருந்து நான்தான் எடுத்தேன்.

நாளைக் காலையில் அப்பா இதைப் புதுக்கோட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். உள்ளே கடைந்து, குழாய்போல் ஓர் இரும்பு ஸ்லீவ் இறக்கச் சொல்லிப் பேசிவிட்டார். மழை பெய்து தோப்புகளில் களை இடுப்பளவு நிற்கிறது. கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து உங்கள் போனுக்கு இன்னும் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். "அக்கா இல்லீங்க, நான் வந்து வெட்டித் தாரேன்" என்று அப்பா சொல்கிறார்.

சிலிண்டரை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். கோடு கோடாக இருக்கிறது. அந்த ஆயுத பூசையை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். கரியை எடுக்கிறேன் என்று மிஷினைப் பிரித்தவர், வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் சிலிண்டருக்குள்ளும் திருநீறு போட்டுத் தேய்த்தீர்கள். கண்ணாடிபோல் மின்னியது. "பாத்தியா மருமகளே, மொகம் தெரியுது!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். துணியால் துடைத்து, மாட்டி, பொட்டு வைத்துச் சாமி கும்பிட்டோம். தை பிறப்பதற்குள் மிஷினுக்கு இழுவை இல்லாமல் போயிற்று.

பிரித்துப் பார்த்துவிட்டு அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்க்கா, சாமி கும்புடச் சொன்னா மிஷினுக்குத் திருநீறத் திங்கக் குடுத்திருக்க. உள்ள இருந்த பூச்சு பூரா போச்சு."

"தின்னா என்னடா? பக்தியோடதான் தேஞ்சிருக்கு."

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஸ்லீவ் போட்டுருவோம். ஒரே நாள் வேலை. நாளைக்கித் தேஞ்சாலும் இங்கனயே கடைஞ்சுக்கலாம். ஒன் பூச்சு போச்சுன்னா மறுபடி பூச ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூருக்கா ஓட முடியும்?"

"போனாப் போவட்டும். அலுமினியப் பிஸ்டனும் அலுமினியச் சிலிண்டரும் ஒண்ணாச் சுடும், ஒண்ணா விரியும். நடுவுல இரும்ப வச்சா அது அந்த அளவுக்கு விரியாது. சித்திர வெயில்ல பிஸ்டன் இறுகிக்கிட்டு நடுத்தோப்புல நிக்கும். தோள்ல தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறது நீயா, நானா?"

"எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் திருநீறு போட்டியாக்கும்?"

பக்கத்தில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து அப்பாவின் மேல் எறிந்தீர்கள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "மேல்பூச்சு போனாப் பூச்சத்தான் பூசணும். ஒடம்பக் கொடைஞ்சு வேற ஆள உள்ள குடிவைக்கப்படாது."

கோயம்புத்தூர்க் கடையில் பேசி முன்பணமும் அனுப்பி, அட்டைப்பெட்டியில் முகவரி எழுதிவிட்டீர்கள். அந்த வாரம்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "வந்து அனுப்பிக்கிறேன்" என்றீர்கள். பெட்டி அலமாரிமேல் அப்படியே இருக்கிறது. முகவரியில் ஊர்ப்பெயர் மட்டும் பெரிய பெரிய எழுத்தில்.

அப்பா சொல்வதும் தப்பில்லை. பூச்சுப் பூசி வர வாரக்கணக்காகும். அதற்குள் தோப்புக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருமுறை கடைந்துவிட்டால் கடைந்ததுதான். இந்தச் சின்னச் சிலிண்டரின் சுவரே மெல்லியது. பிறகு நாம் மனம் மாறிப் பூச்சுக்குக் கொடுத்தாலும் பூசுவதற்குப் பழைய உடம்பு இருக்காது. நீங்கள் வேண்டாம் என்றதை நீங்கள் இல்லாத நேரத்தில் செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

காலையில் இதை அந்தப் பெட்டியில் போட்டு, புத்தகப் பைக்குள் வைத்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்சல் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். பஸ் ஏறும்போது அப்பா பையைத் திறந்து பார்ப்பார். கடைசித் தோப்புவரை தேடுவார். அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் பயம். நீங்கள் போன பிறகு அந்த மாதிரி மூன்று நாள் இருந்தார்.

எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று தோன்றுகிறது. நீங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் எதையும் செய்ததே இல்லை. எதற்கும் முகத்துக்கு நேரேதான் சண்டை. எறிந்த துணியைக்கூட எதிரே நின்றுதான் எறிந்தீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சண்டை தீர்ந்து, குழம்பில் கிடக்கும் மீன் தலை அப்பாவின் தட்டுக்குப் போய்விடும்.

என்னால் அப்படி முடியாது அத்தை. வகுப்பில் டீச்சர் கேட்டால்கூட என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. அப்பாவிடம் பேனா வாங்கித் தரச் சொல்வதற்கே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். உங்களிடம் மட்டும் கத்துவேன். அந்த மிஷின் சத்தத்தில் உங்கள் காது மந்தமாகிவிட்டதால், "அத்தை, காப்பி!" என்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிப் பழகினேன். "இன்னும் கொஞ்சம் தொண்டையத் தொற ஆத்தா, ஒண்ணும் கொறஞ்சுற மாட்ட" என்பீர்கள். நீங்கள் போனதிலிருந்து அப்படி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அந்தக் குரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியாமல் இருந்தேன்.

வெளியே விளக்குப் போடும் சத்தம் கேட்கிறது. அப்பா பையின் ஜிப்பைத் திறக்கிறார்.

"ஏ ஆத்தா, முழிச்சிருக்கியா? அந்தச் சிலிண்டரப் பாத்தியா?"

தட்டுகிறார். சிலிண்டரை ஒளிக்கவில்லை அத்தை, மேசைமேலேயே இருக்கிறது. "கடைய வேண்டாம்ப்பா" என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன், தெருவுக்கே கேட்கும்படி.