கயல்நடையின் பின்மாடம்

நீர் வற்றாதிருக்க. நிலம் பிளவாதிருக்க. இரண்டுக்கும் நடுவே வாழும் குடி நலம் பெறுக.

நெடுந்துறைப் பட்டினத்தில் வீற்றிருந்து பவளநாடு ஆளும் திரைமகுட வேந்தர் நன்னியர்கோன் அவர்களின் மீன்தலை முத்திரையைத் தாங்கி, தேனும் தினையும் குறையாத காந்தளங்குன்றத்தின் காவலர், வேற்படை நாயகர், பெருந்தகை வேள் பொறையூரனார் திருமுன்பு, கயல்நடை என்னும் புது நாவாயில் ஆணி அறைந்த கூலியாள், கீரன் மகன் உலகன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் குன்றும் குடியும் ஆநிரையும் நலமென நம்புகிறேன். இங்கு வேந்தர் நலம், நாவாயும் நலம். நான் மட்டும் அவ்வளவு நலமில்லை. காரணம் கீழே வரும்.

கூலியாள் எழுதுவதா என்று சினக்க வேண்டா. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கலத்தின் கடைசி மர ஆணியை எவன் அறைகிறானோ, அவனே அதன் முதல் பயணத்தில் யாருக்கு எந்த அறை என்று வகுக்க வேண்டும். பயணம் முடியும்வரை முத்திரை அவன் இடுப்பில் இருக்கும், அவனும் கலத்தோடு போக வேண்டும். அமைச்சர்மார் நல்ல அறைகளையெல்லாம் தம் மைத்துனர்மாருக்கே கொடுத்துவந்த காலத்தில், அறைகளின் குறை தெரிந்தவன் வகுக்கட்டும் என்று முன்னொரு வேந்தர் வைத்த ஏற்பாடாம். இம்முறை கடைசி ஆணி வந்தபோது ஒருவனுக்குப் பல்வலி வந்தது, ஒருவனுக்கு மாமியார் வந்தாள். சுத்தியல் என் கையில் நின்றது. அப்போது எனக்கு விளங்கவில்லை. எழுத்தும் நான் நாற்பது கடந்தபின், பலகைகளைப் பொருத்த அவற்றில் கீறிய குறிகளைக் கொண்டு கற்றதுதான். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

இனிச் செய்தி. தங்கள் அருமை மகளார் நறுவீயார், ஏழ்பனைத் தீவின் இளவரசருக்கு மாலையிட, வரும் முழுநிலா நாளில் கயல்நடையில் ஏறுகிறார். இருபத்தொரு நாள் கடல்வழி. குன்றின் தலைவர் குன்றை விட்டு இறங்கலாகாது என்னும் குலநெறியால் தாங்கள் வழியனுப்ப வர இயலாது என்பதும் அறிவேன். தாங்கள் விடுத்த ஓலையில், கடல் நோக்கிய மாடம் உள்ள அறையே மகளுக்கு வேண்டும், அந்த மாடத்திலிருந்து குன்று தெரிய வேண்டும், மாலைதோறும் உச்சியில் தாங்கள் மூட்டும் தீயை அவர் காண வேண்டும், அவர் அழாத அறையாகவும் அது இருக்க வேண்டும் என்று பணித்திருந்தீர்கள். குன்று மறையாதிருக்க நாவாயைப் பின்புறமாகவே செலுத்த இயலுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாலுமித் தலைவர் அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிந்தால் செய்திருப்பேன்.

மாடங்கள் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தே எழுதுகிறேன். பக்கமாடம் இருபுறமும் உண்டு. நாவாய் கரையை வலப்புறம் வைத்துத் தெற்கே போவதால் வலமாடத்தில் கரை தெரியும். ஆனால் குன்று முதல்நாள் மாலைக்குள் தூணுக்கு அப்பால் நழுவிவிடும், வெயிலும் நேரே முகத்தில் அறையும். இடமாடத்தில் வெறும் நீர். நடுப்பகுதியில் உள்ளவை பார்க்கப் பெரியவை, ஆனால் எதிரே தோணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாதிக் கடல், பாதித் தோணியின் அடிவயிறு. கீழ்த்தட்டில் கலத்தின் சுவரையே குடைந்து செய்த குழிமாடம் உண்டு. நிழலும் குளிர்ச்சியும் அதில்தான். அலை கொஞ்சம் எழுந்தாலோ குடத்தோடு கொட்டினாற்போல் மடியில் விழும். முன்மாடத்தில் காற்று ஓயாது. தலைமுடி, மேலாடை, பேச்சு எதுவும் நில்லாது. புதுக்கரை முதலில் தெரிவது அங்கேதான். மிஞ்சியது பின்மாடம். காலடியில் சுக்கான் முனகும், கூரைமேல் சுக்கான்காரர்கள் கத்துவார்கள். என்றாலும் இரண்டு நாள், தென்முனையில் நாவாய் கிழக்கே திரும்பும்வரை, குன்று நேரெதிரே நிற்கும். தங்கள் தீயும் தெரியும். ஆகவே பின்மாடம் என்றே முடிவு செய்து, எழுத்தாணியைக் கையில் எடுத்தேன்.

அன்றுதான் மகளார் செவிலியோடு கலம் பார்க்க வந்தார். ஒவ்வொரு மாடத்திலும் ஏறி இறங்கினார். தோணிக்குப் பின்னால் இருந்த மாடத்தைக் கண்டு, இது அத்தைமார்கள் வந்தால் கொடுக்க நல்ல அறை என்றார். செவிலி குழிமாடத்தில் எட்டிப்பார்த்து, குளிக்கத் தனியே நீர் சுமக்க வேண்டா என்றாள். இருவரும் சிரித்தார்கள். பின்மாடத்திற்கு வந்ததும் சிரிப்பு நின்றது. துறையிலிருந்து பார்க்கக் குன்று நீலமாகத் தெரியும் அல்லவா? நான் இழைத்த கைப்பிடி மரத்தில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, ஐயா, எனக்கு முன்மாடம் கொடுங்கள் என்றார்.

குன்று தெரியாதே அம்மா என்றேன். தெரிய வேண்டா என்றார். அப்பா தீ மூட்டுவார், அது சிறிதாகிச் சிறிதாகி ஒரு கட்டத்தில் இல்லாமல் போகும், தொலைவால் மறைந்ததா, அவர் கை ஓய்ந்து அணைந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும், அதை எண்ணிக்கொண்டே மீதி நாளும் போவேன் என்றார். அப்பா கேட்டால் பின்மாடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள், நான் கேட்டதாக மட்டும் சொல்லவே கூடாது என்று என்னிடம் உறுதியும் வாங்கினார். செவிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பவன் பயணியின் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது துறையின் முறை. தங்கள் விருப்பத்தைப் போற்ற வேண்டும் என்பதோ இரு நாடுகளுக்கிடையே உள்ள உடன்படிக்கை. வேந்தரிடம் போய் விழுந்தேன். முத்திரை உன்னிடம் இருக்கையில் நான் வாய் திறந்தால் வழக்கம் கெடும் என்று சொல்லி, தாம்பூலத்தை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அமைச்சர், அது உன் பாடு என்றார். தச்சர் தலைவரோ, ஆணியை நீதானே அறைந்தாய் என்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தந்தையரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரவும் ஆள் இல்லை.

மகளார் சொன்னபடியே எழுதத்தான் முதலில் முயன்றேன். பின்மாடம் வேறொருவருக்கு என்று கீறத் தொடங்கினால், அந்த வேறொருவர் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. யார் பெயரை எழுதுவேன்? அறைவரிசையைப் பாய்மரத்தின் அடியில் எல்லாரும் காணக் கட்டித் தொங்கவிடுவார்கள். தங்கள் தூதரும் அதைப் படிப்பார். இரண்டு ஓலைகளை வீணாக்கினேன். மூன்றாவது ஓலையில் கை தானாக உண்மையை எழுதிவிட்டது. ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை, அதையும் வீணாக்க மனம் வரவில்லை. மகளாருக்குக் கொடுத்த உறுதியை முறித்துவிட்டேன். அவர் முகத்தில் இருபத்தொரு நாள் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. தங்களுக்கும் நல்லது செய்தேனா என்று தெரியவில்லை.

ஆயினும் முத்திரை வைத்திருப்பவன் ஆணையிட்டே ஓலையை முடிக்க வேண்டுமாம். ஆகவே ஆணை.

காந்தளங்குன்றத்து நறுவீயாருக்கு முன்மாடம். பின்மாடம் யாருக்கும் இல்லை. உப்பு வணிகர் தலைவர் அதைக் கேட்டு இருமுறை ஆளனுப்பினார், கொடுக்க மாட்டேன். முதல் இரண்டு மாலையும் அங்கே ஒரு விளக்கு எரியும். குன்றிலிருந்து அது தெரிந்தால், மகளார் ஏற்றியது என்று எண்ணி ஏமாற வேண்டா. ஏற்றுபவன் நான். தங்கள் தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பவனும் நானே.

அதோடு, என் தகுதிக்கு மீறி வேள் பொறையூரனாருக்கும் ஓர் ஆணை உண்டு. முதல் மாலையும் இரண்டாம் மாலையும் போலவே மூன்றாம் மாலையும் உச்சியில் தீ மூட்டுக. அன்று நாங்கள் முனையைத் திரும்பி, தீ தெரியாத தொலைவில் இருப்போம். அதைக் காண ஒருவரும் இரார், நானும் காணேன். எனினும் மூட்டுக. மகளார் முன்மாடத்தில் இருந்தாலும் என்றாவது ஒருநாள் என்னிடம் கேட்பார். அணையவில்லை அம்மா, தொலைவால் மறைந்தது என்று நான் சொல்வேன். அது பொய்யாகாமல் இருப்பது தங்கள் கையில்.

முழுநிலாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில், கயல்நடையின் பின்மாடத்தில் அமர்ந்து எழுதி, மீன்தலை முத்திரை ஒற்றினேன். மீனின் வால் சரியாகப் பதியவில்லை. முத்திரை மெய்யே.