கீழ் மடிப்பு

மார்ச் 3
முதுகு வலி இன்றைக்கும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நான்தான் செய்யவில்லை. ஓட்டல் சலவை அறையில் நானும் கொக்கும் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறோம். கொக்கு, அவள் உயரத்துக்கு நான் வைத்த பேர். நடுவில் தொங்கும் கீழ் மடிப்பைக் குனிந்து எடுப்பது எப்போதும் அவள். குட்டைச்சி நான் நிமிர்ந்து நிற்கிறேன், மகாராணி மாதிரி.

மார்ச் 5
புது டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார்.
"அப்ப நான் நடிக்கிறேனா?"
"இல்லம்மா, வலி நிஜம். முன்ன நீங்க கீழ விழுந்த அடி எப்பவோ ஆறிடுச்சு. மூளைதான் இன்னும் பயந்துபோய் வலியைக் கிளப்புது. கொஞ்சம் கொஞ்சமா குனிஞ்சு பழகுங்க."
இத்தனை வருஷம் தைலம் தேய்த்ததற்கு இதுதான் பதிலா? எனக்கு மூளை இருக்காம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எதுக்கும் இன்னொரு டாக்டரையும் கேட்டுக்கலாம்" என்றார்.

மார்ச் 9
குனிந்து செருப்பை எடுத்தேன். சுரீரென்றது. பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?

மார்ச் 12
வலி.

மார்ச் 16
ஒன்றாம் தேதியிலிருந்து நான் கிடங்கில் உட்கார்ந்து துண்டு எண்ண வேண்டுமாம். "உங்க நல்லதுக்குத்தான்க்கா" என்றார் மேற்பார்வையாளர். ஜன்னல் இல்லை, பேச ஆளில்லை. துண்டையா கிண்டல் பண்ணுவேன்? அவர் முன்னால் சிரித்துத் தலையாட்டினேன் — சிரிச்சுத் தொலைச்சேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை வாயில வரலையே.

மார்ச் 20
கீழ் மடிப்பை நான் எடுக்கிறேன் என்றேன். "சும்மா இரு அக்கா, முதுகு புடிச்சுக்கிட்டா உன்னை யாரு தூக்குறது?" என்று கொக்கு முந்திக்கொண்டாள். ஒவ்வொரு விரிப்புக்கும் இதே. கடைசியில் கத்திவிட்டேன். "நீ குனிஞ்சு குனிஞ்சுதான்டி நான் குனியவே மறந்துட்டேன்."
எனக்காகக் குனிந்தவளிடம் இப்படியா பேசுவேன்?

மார்ச் 21
கொக்கு பேசவில்லை. மடிப்பையும் எடுக்கவில்லை. விரிப்பு நடுவில் தொங்கிக்கொண்டே இருந்தது. நான் எடுத்தேன். வலித்தது. அடுத்ததையும் எடுத்தேன். முறைத்துக்கொண்டு நிற்பவள் முன்னால் முனகவும் வழியில்லை.

மார்ச் 27
இன்னும் வலிக்கிறது. வருகிறது, போகிறது. முன்பு போல் வந்து சம்மணம் போட்டு உட்காருவதில்லை. கொக்குதான் இன்னும் இறங்கி வரவில்லை.

ஏப்ரல் 2
நேற்றே கிடங்குக்குப் போயிருக்க வேண்டியவள், இன்னும் இங்கேதான் மடிக்கிறேன். நான் குனிந்து எடுப்பதை மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கிடங்குப் பேச்சை எடுக்காமலே போய்விட்டார். அப்புறம் கொக்கு வாயைத் திறந்தாள். "ஓரம் கோணுது, இழுத்துப் புடி. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"
என்னை யாரும் இப்படித் திட்டி எத்தனை காலம் ஆகிறது. இழுத்துப் பிடித்தேன்.