நூர்ஜாத் மண்டியிட்டுப் பாடியது

அன்பு மகள் மேரிமுக்கு, நாரினிலிருந்து மாமா சகின்பெக் எழுதுவது. நானும் உன் அத்தையும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், ரஷ்யாவில் அந்த யெகாத்தரின்பர்க் குளிரில் நீ சுகமாயிருக்க வேண்டும். என் மகள் நூர்ஜாத்துக்குப் பிள்ளை பிறந்தபிறகு குரல் மேலே ஏறவேயில்லை. கலாசார மன்றத்தில் பாடகி வேலைக்குத் தேர்வு வைத்தார்கள், அது கிடைக்காவிட்டால் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அவளும் புருஷனோடு உன் ஊருக்குக் கூலி வேலைக்கு வருவதாக ஏற்பாடு. உன்னை வளர்த்த காலத்தில் ஒரு கையில் கரடியைப் பிடித்தவன் நான், இப்போது தொட்டிலை ஆட்டினாலே தோள் விட்டுப்போகிறது.

ஜூரா என்று ஒரு பாட்டு வாத்தியாரம்மா பிஷ்கெக்கிலிருந்து வந்திருக்கிறாள், பாட்டே சொல்லித்தருவதில்லை. நூர்ஜாத்தைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு எங்க நிக்குது, நீயே பாத்துச் சொல்லு என்றாள். இது பாட்டா, ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். இடுப்புல என்றாள் நம் பெண். பிள்ளைப்பேற்றுக்கு நாற்பது நாள் கட்டும் இடுப்புத் துணியை உன் அத்தை அன்றுவரை முழங்கால் கொடுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள், குதிரைக்குச் சேணம்கூட நான் அப்படிக் கட்டியதில்லை. அவிழ்த்தோம், அத்தைக்குக் கோபம். அப்படியும் வயிற்றுப் பிடிப்பு விடவில்லை. எப்ப உனக்கு இடுப்பு லேசா இருக்கு என்று ஜூரா கேட்க, கம்பளம் பண்ண ஈரக் கம்பளியை உருட்டுறப்ப என்றாள், நம் பெண்கள் ஆட்டுமயிரை நனைத்து மண்டியிட்டு முன்கையால் அழுத்தி உருட்டுவார்களே, அதுதான். அப்ப உருட்டிக்கிட்டே பாடு என்று விட்டுவிட்டாள்.

தேர்வில் நின்று பாடச் சொன்னார்கள். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. நூர்ஜாத் தானாகவே பட்டு உடுப்போடு மண்டியிட்டு, இல்லாத கம்பளியை முன்கையால் அழுத்தி உருட்ட ஆரம்பித்தாள். தங்கச்சி, கம்பளம் பண்ணவா வந்தே என்றார் மன்றத் தலைவர், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த அடியில் சிரிப்பு நின்றது. எல்லைக்கு அப்பால் சீனாவில் மேயும் குதிரையும் காதை நிமிர்த்தியிருக்கும். வேலை கிடைத்துவிட்டது. என் குரல்தான் அவளுக்கு என்று சந்தையெல்லாம் சொன்னேன், உங்க பாட்டுக்கு ஆடுகூடத் திரும்பிப் பாத்ததில்லை என்கிறாள் உன் அத்தை.

மருமகன் மட்டும் வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறான். உன் அறையில் நூர்ஜாத்துக்கென்று பிடித்துவைத்த கட்டிலை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடு அம்மா. துணைக்கு ஆள் வருகிறது என்று எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாய், அதை நினைத்தால் இந்தச் சந்தோஷத்தை முழுசாகக் கொண்டாட முடியவில்லை. சூடாகச் சாப்பிடு, கால் நனையாமல் பார்த்துக்கொள். அல்லா உன்னைக் கண்போலக் காக்கட்டும். கோபமிருந்தாலும் பதில் போடு.

உன் மாமா,
சகின்பெக்