துவைக்காதே என்று எழுதிய வடிகட்டி

ஆல்டூனா
9 ஜூலை 1979

லொரெய்ன் கண்ணுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்கவும் செய்கிறேன். அலாஸ்காவில் நீயும் பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்கவேண்டும்.

அப்பா போய் நாளையோடு நாலு மாதம். நம் வடிகட்டிக் கம்பெனியை விலைக்குக் கேட்கும் சிகாகோக்காரர் அனுப்பிய விற்பனைப் பத்திரம் உனக்கும் வந்திருக்கும். வித்துடும்மா, ஆறாம் வகுப்போட நின்னவ நீ கம்பெனியை வச்சு என்ன பண்ணுவ என்று போனில் கேட்டாய். கோபமில்லை. ஆனால் நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைக் கேள். நீராவி இன்ஜின் போய் டீசல் வந்த புதிதில் அப்பாவுக்கு வேலை போயிற்று, கார் கொட்டகையில் காகிதத்தை மடித்து இன்ஜின் எண்ணெய்க்கு வடிகட்டி செய்தார், ஓரம் ஒட்டியது நான். ரயில்வே பட்டறை நாற்பது வாங்கியது. அதில் பத்து கிழிந்து திரும்பி வந்தன, இனி வேண்டாம் என்ற சீட்டோடு. அப்பா இடிந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றை ரொட்டிக் கத்தியால் அறுத்து மோந்து பார்த்தேன், எண்ணெய் நாற்றத்துக்குள் துணி சோப்பு வாசனை. நேரே பட்டறைக்குப் போய் யார் இதைத் துவைத்தது என்று ஃபோர்மேன் ஹாலரனைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, கம்பளி அடைச்ச பழைய வடிகட்டியையெல்லாம் துவைச்சுத்தானே திரும்ப மாட்டுறோம், உங்க வீட்டுக்காரர் செஞ்சது மட்டும் குளிக்காதாம்மா என்றார். பத்துப் பிள்ளை பெற்ற மனுஷன், எதையும் தூக்கிப்போட மனசு வராது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வடிகட்டி மேலும் சிவப்புப் பெயிண்டில் துவைக்காதே என்று எழுதினேன். பழசாகித் திரும்பி வருவதை ஒரு மேஜையில் போட்டு அறுத்துப் பார்ப்பதும் அன்றிலிருந்துதான் நம் கம்பெனி வழக்கம். இன்றைக்கு நூற்றுப்பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்றால் அந்த மேஜையால்தான். குப்பையை அறுக்க ஆளா, முதலில் அந்த மேஜையை எடுத்துவிடுங்கள் என்கிறார் சிகாகோக்காரர்.

போன செவ்வாய் நானே போய் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். மூன்றாவது வடிகட்டியின் மடிப்பில் வெண்கலத் தூள் மினுங்கியது. பேரிங் தேய்கிறது என்று அர்த்தம், அப்பா சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். பட்டறைக்குப் போன் போட்டு அந்த வடிகட்டி கழன்று வந்த இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். இப்போது அங்கே ஹாலரனின் மகன் ஃபோர்மேன். பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு நடை போயிருந்தா மலையிலேயே மாட்டியிருக்கும், எங்கப்பாவைத் திட்டின வாயால எங்களைக் காப்பாத்திட்டீங்கம்மா என்றான். வீட்டுக்கு வந்து அழுதேன். பயந்து இல்லை, இதைச் சொல்ல அவர் இல்லையே என்றுதான். பாதிப் பங்கு உன்னுடையது, உன் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. போடாதே கண்ணு. கணக்குவழக்குக்கு மேனேஜர் இருக்கிறார், மேஜைக்கு நான் இருக்கிறேன்.

கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார். ஆப்பிள் ஜாம் நாலு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைக்குக் கொடு. பத்திரத்தை வெறுமனே மடித்து இந்த வாரமே திருப்பி அனுப்பிவிடு. அப்பாவின் வேலைக் கோட்டைத் துவைத்துச் சர்ச்சுக்குக் கொடுக்கச் சொல்கிறாள் உன் சித்தி. அது ஆணியிலேயே தொங்குகிறது, டீசல் வாசனை இன்னும் போகவில்லை. காலரில் ஒரு சீட்டைக் குத்தி வைத்திருக்கிறேன், என்ன எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

என்றும் உன் அம்மா,
டெல்மா பர்கெட்