ஆளில்லாமல் வந்த ரப்பர் படகு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேலே படிக்கும்போது நீ பதறக்கூடாது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. கடைவாய்ப்பல் வலிக்கிறது என்றாயே, எங்களுக்கு வீடாகிவிட்ட இந்தப் படகுக்குப் பக்கத்துப் பாய்மரப் படகில் தனியாக இருக்கிறாரே பல் டாக்டர் அம்மா, அவரிடம் கேட்டேன், தள்ளிப்போட்டா வேரோட போயிடும், உடனே காட்டச் சொல்லுங்க என்றார். காட்டு.

போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா தண்ணீர்ப் பம்புக்கு வாஷர் வாங்க ரப்பர் படகில் கரைக்குப் போனார். அப்போது காற்றே இல்லை, நான் துணி உலர்த்திவிட்டு உலை வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்து, கரைப் பக்கமிருந்து தூறலோடு காற்று சுழற்றி அடித்தது, தட்டு டம்ளரெல்லாம் உருண்டன. அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடி வந்து பார்த்தால், பின்னால் தள்ளி நிற்கிற மஞ்சள் படகு கிட்டக்கிட்ட வருகிறது. அது நின்ற இடத்திலேயே இருக்கிறது, நாம்தான் நங்கூரம் பிடி விட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அப்புறம்தான் புரிந்தது. எனக்கு நீச்சல் குளியலறை வாளியோடு சரி, உனக்குத் தெரியுமே. அந்த மஞ்சள் படகுத் தாடிக்காரர், தன் படகுக்கு ரொம்பப் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டோம் என்று நாங்கள் இங்கே வந்த அன்றே அப்பாவோடு சண்டை போட்டவர், அதிலிருந்து முகம் பார்த்துப் பேச்சில்லை. நீளக் கழியோடு அவர் நிற்பதைப் பார்த்ததும் அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வயர்லெஸ்ஸில் பல் டாக்டர் அம்மா கத்துகிறார், அக்கா எஞ்சினப் போடுங்க, முன்னாடி விடுங்க, மெதுவா, மெதுவா. அவசரத்தில் சாவி கீழே விழுந்தது, தடவி எடுத்துத் திருப்பினேன். அதற்குள் தாடிக்காரர் கழியால் நம் படகை ஊன்றித் தள்ளி, ஒரே எட்டில் இந்தப் பக்கம் தாவி, பயப்படாதீங்கம்மா, காத்துக்கு நேரா புடிச்சுக்குங்க, மத்தத நான் பாத்துக்கறேன் என்று முன்னால் போய்ச் சங்கிலியை இன்னும் இறக்கி, இரண்டாவது நங்கூரத்தையும் போட்டார்.

படகு நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், நம் ரப்பர் படகு ஆளில்லாமல் எங்களைத் தாண்டிப் போகிறது. தாடிக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உன்னிடம் இதை எப்படிச் சொல்வேன் என்றுதான் மனசில் ஓடியது பாப்பா. பல் டாக்டர் அம்மா துறைமுக ஆபீஸைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், பதிலே இல்லை. பிறகு கரகரவென்று சத்தம், யாருடைய வயர்லெஸ்ஸிலிருந்தோ அப்பாவின் குரல், ஏம்மா, அடுப்ப அணைச்சியா என்று. கரையில் கட்டியிருந்த கயிறு அறுந்து ரப்பர் படகு மட்டும் போயிருக்கிறது, அவர் ஏறவே இல்லை. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். தாடிக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மழைத்தண்ணி என்றார்.

காற்று அடங்கிப் பல் டாக்டர் அம்மா அப்பாவைக் கூட்டிவந்தபோது, ஏறியதும் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. நான் தனியாக அல்லாடியதை எல்லாம் கரையிலிருந்து பார்த்திருக்கிறார், நீந்தி வருகிறேன் என்று குதிக்கப் போனவரை மீன்காரர்கள் இடுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து அப்பா கரைக்கே போவதில்லை. ரொட்டியும் பாலும் தாடிக்காரர்தான் வாங்கி வருகிறார். லேசாகக் காற்று எழுந்தாலும் அப்பா முன்னால் போய்ச் சங்கிலியைத் தொட்டபடி உட்கார்ந்துவிடுகிறார். இத்தனை வருஷமும் அவர் பயப்படமாட்டார் என்ற தைரியத்தில்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாத மாதிரி இருக்கிறது.

படகை விற்றுவிட்டு வாருங்கள் என்பாய். அவரிடம் மட்டும் இப்போது சொல்லாதே, சரி என்றுவிடுவார். அந்தச் சரியைக் கேட்கத்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். எதிர்ப்பக்கப் பாறையில் ஒதுங்கிக் கிடந்த ரப்பர் படகைத் தாடிக்காரர் மீட்டுக் கொடுத்தார். நேற்று பல் டாக்டர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே அதை ஓட்டிக் கரைக்குப் போய் வந்தேன். நாளைக்கு அப்பாவை உட்காரவைத்து ஓட்டப்போகிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் செருப்பை எடுத்து வெளியே வைத்திருக்கிறார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கால் நனையாமல் நிறைவாக இருக்க வேண்டும். கார் டயர் தேய்ந்துவிட்டது என்றாயே, மழைக்கு முன்னால் மாற்றிவிடு.

உன் பயந்தாங்கொள்ளி
அம்மா